நாடித்துடிப்பு: நாம் படிக்காமல் விடும் மூன்றாவது எண்

இன்று நம்மில் பலருடைய வீடுகளில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது. கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் திரையில் மூன்று எண்கள் தோன்றும். முதல் இரண்டும் பிரஷர். அவற்றை எல்லோரும் படிக்கிறோம், எழுதி வைக்கிறோம், டாக்டரிடம் காட்டுகிறோம். கீழே உள்ள மூன்றாவது எண்ணைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. அதுதான் நாடித்துடிப்பு.

நமது தாய்மாமா ஒருவர் 68 வயதிலும் கட்டுப்பாடாக வாழ்ந்தவர். தினமும் ஃபஜ்ருக்குப் பிறகு பிரஷர் பார்த்து டைரியில் எழுதுவார். சில வாரங்களாகக் கருவியின் திரையில் சிறிய இதயக் குறி ஒன்று மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. “பேட்டரி போயிருக்கும்” என்று நினைத்துப் புதிய பேட்டரி போட்டார். ஒருநாள் நம்மிடமும் காட்டினார். நாமும் பேட்டரியைத்தான் சொன்னோம். பின்னர் ஒரு நாள் காலை உளூ செய்துகொண்டிருந்தபோது அவருடைய வலது கை தொய்ந்து விழுந்தது, வாய் கோணியது, பேச்சு குழறியது. மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “இவருடைய நாடி எத்தனை நாளாக இப்படித் தாறுமாறாக ஓடுகிறது?” சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவருடைய டைரியில் முதல் இரண்டு எண்கள் மட்டுமே இருந்தன.

கருவி சொல்லியிருக்கிறது, நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. ஒரு கடிகாரமும் மூன்று விரல்களும் போதும் என்ற அளவுக்கு எளிமையான ஒரு பரிசோதனையை ஒவ்வொரு குடும்பமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இதயம் துடிப்பது எப்படி?

நம் இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேலறையின் சுவரில் சைனஸ் கணு என்னும் சிறிய திசுத் தொகுதி இருக்கிறது. இதை 1907ஆம் ஆண்டு ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இந்தக் கணு தானாகவே மின்தூண்டலை உண்டாக்குகிறது. அந்தத் தூண்டல் முதலில் மேலறைகளுக்கும், சிறிது இடைவெளி விட்டுக் கீழறைகளுக்கும் பரவுகிறது. அறைகள் அதே வரிசையில் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன.

நரம்புகளின் தலையீடு எதுவும் இல்லாமல் விட்டால் இந்தக் கணு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். நாம் ஓய்வாக இருக்கும்போது மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு கடிவாளம்போல் அதை இழுத்துப் பிடித்து 70 அளவுக்குக் கொண்டுவருகிறது. பயம், கோபம், ஓட்டம், காய்ச்சல் என்று ஏதேனும் வந்தால் கடிவாளம் தளர்கிறது. அட்ரினலின் சுரந்து வேகம் கூடுகிறது.

ஓய்வில் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு நாளில் துடிப்பின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

இதயத் துடிப்பும் நாடித்துடிப்பும் ஒன்றுதானா என்று சிலர் கேட்பதுண்டு. இதயம் இரத்தத்தைத் தள்ளும்போது தமனிகளின் சுவரில் ஓர் அலை ஓடுகிறது. மணிக்கட்டில் நம் விரலுக்குத் தட்டுப்படுவது அந்த அலைதான். ஆரோக்கியமான ஒருவருக்கு இரண்டு எண்ணிக்கையும் சமமாகவே இருக்கும். துடிப்பு மிகவும் ஒழுங்கற்றுப் போகும்போது இதயத்தின் சில துடிப்புகள் பலவீனமாகி மணிக்கட்டு வரை வந்து சேர்வதில்லை. அப்போது நாடி, இதயத் துடிப்பைவிடக் குறைவாக இருக்கும். சந்தேகம் வந்தால் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தே எண்ணுவது இதனால்தான்.

கடிகாரம் வருவதற்கு முன்

வினாடியைக் காட்டும் கடிகாரம் மருத்துவர்களின் கைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நாடி பார்க்கும் கலை வளர்ந்திருந்தது. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா, கிரேக்க மருத்துவர் காலனின் வழியைத் தொடர்ந்து, தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலில் நாடியை விரிவாக ஆராய்ந்தார். நாடியில் பத்து விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்பது அவரது வகைப்பாடு. துடிப்பின் அளவு, வலிமை, வேகம், இரு துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வு, நாளத்தின் இறுக்கம், வெப்பம், நிறைவு, துடிப்புகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பது, அவற்றின் ஒழுங்கு, தாளம் ஆகியவை அந்தப் பத்து.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் சான்டோரியோ என்ற மருத்துவர் நூலில் ஆடும் குண்டு ஒன்றைக் கொண்டு நாடியை அளந்தார். குண்டின் ஆட்டம் நோயாளியின் நாடியோடு ஒத்துப்போகும் வரை நூலின் நீளத்தை மாற்றுவார். அந்த நீளமே அளவு. 1707இல் இங்கிலாந்தின் ஜான் ஃபிளாயர் சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தை உருவாக்கச் செய்து, நாடியை நிமிடக் கணக்கில் எண்ணும் முறையைப் பரப்பினார். இன்று நாம் ‘72’ என்று சொல்லும் எண் அப்படி வந்ததுதான்.

இப்னு சீனாவின் பத்தில் இன்று நம் வீட்டுக் கருவி பெரிதாகக் காட்டுவது ஒன்றே ஒன்று: வேகம். ஒழுங்கும் வலிமையும் அந்த எண்ணுக்குள் இல்லை. விரல் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அவை தெரியும். எந்தக் கருவி வாங்கினாலும் கையால் நாடி பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். நம் சித்த, யூனானி வைத்தியர்கள் நாடி பார்த்து நோய் கணிப்பது தனி மரபு. அதற்கு நீண்ட பயிற்சி தேவை. இங்கே நாம் பேசுவது எண்ணிக்கையையும் ஒழுங்கையும் கவனிப்பதைப் பற்றி மட்டும்தான்.

நாடியை அளக்கும் முறை

1. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். டீ, காபி, புகை, வேக நடை ஆகியவை முடிந்து அரை மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். காலையில் எழுந்ததும், இன்னும் வேலைகளில் இறங்குவதற்கு முன் பார்ப்பது மிகவும் நல்லது.

2. ஒரு கையை மடியில் உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டை நோக்கி வந்தால் ஓர் எலும்பு தட்டுப்படும். அந்த எலும்புக்கும் அதன் பக்கத்திலுள்ள தசைநாருக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கும். நாடி அங்கேதான் ஓடுகிறது.

3. மறு கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் அந்தப் பள்ளத்தில் மெதுவாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். கட்டைவிரலுக்கே சொந்தமாகத் துடிப்பு உண்டு. அதை நோயாளியின் நாடி என்று எண்ணிவிட நேரிடும்.

4. அழுத்தம் அதிகமானால் நாடி அடங்கிவிடும். குறைந்தால் தட்டுப்படாது. விரலைச் சற்றே தளர்த்தியும் நகர்த்தியும் பாருங்கள்.

5. முதலில் எண்ண வேண்டாம். சில வினாடிகள் தாளத்தை மட்டும் கவனியுங்கள். சுவர்க் கடிகாரம்போல் ஒரே சீராக வருகிறதா என்று பாருங்கள்.

6. சீராக இருந்தால் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 36 வந்தால் நாடி 72. சீராக இல்லை என்று தோன்றினால் முழு ஒரு நிமிடமும் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது விரைவானது. ஆனால் ஒரு துடிப்பு தவறினால் விடையில் நான்கு மாறிவிடும்.

7. தேதி, நேரம், எண், ‘சீர்’ அல்லது ‘சீரில்லை’ என்ற சொல், இந்த நான்கையும் எழுதி வையுங்கள்.

கழுத்தில் குரல்வளைக்குப் பக்கவாட்டிலும் நாடி பார்க்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. வயதானவர்களுக்குக் கழுத்தை அழுத்தினால் துடிப்பு திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும். அவர்களுக்கு மணிக்கட்டே பாதுகாப்பானது. கைக்குழந்தைகளுக்கு மேற்கையின் உட்புறத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் பார்க்க வேண்டும்.

எது இயல்பான அளவு?

ஓய்வில் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது வயதைப் பொறுத்தது. மருத்துவ நூல்கள் பொதுவாகத் தரும் அளவுகள் இவை:

பிறந்து ஒரு மாதம் வரை: 70 முதல் 190
1 மாதம் முதல் 11 மாதம் வரை: 80 முதல் 160
1 முதல் 2 வயது: 80 முதல் 130
3 முதல் 4 வயது: 80 முதல் 120
5 முதல் 6 வயது: 75 முதல் 115
7 முதல் 9 வயது: 70 முதல் 110
10 வயதுக்கு மேல், பெரியவர்கள், முதியவர்கள்: 60 முதல் 100
கடும் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்கள்: 40 முதல் 60

குழந்தையின் நாடி 130 என்று கேட்டுப் பதறும் தாய்மார்கள் உண்டு. ஆறு மாதக் குழந்தைக்கு அது இயல்பு. அதே 130 ஓய்வில் இருக்கும் தாத்தாவுக்கு இயல்பல்ல.

பெரியவர்களுக்கு 60 முதல் 100 என்பது அகலமான வேலி. அந்த வேலிக்குள் ஒவ்வொருவருக்கும் வழக்கமான எண் ஒன்று உண்டு. எப்போதும் 64 இருக்கும் ஒருவருக்குத் திடீரென்று பல நாட்கள் தொடர்ந்து 92 வருகிறது என்றால், அது ‘நார்மல்’ வரம்புக்குள் இருந்தாலும் உடலில் ஏதோ மாறியிருக்கிறது. ஆகவே ஆரோக்கியமாக இருக்கும் நாட்களிலேயே நம் வழக்கமான எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் தினமும் காலையில் பார்த்து எழுதினால் அது தெரிந்துவிடும்.

துடிப்பு கூடுவதும் குறைவதும்

ஓய்வில் 100க்கு மேல் போவது வேகத் துடிப்பு. அதற்கு இதய நோய்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடியும் ஏறத்தாழ 10 கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடலில் நீர் குறைந்தால் கூடும். நம் பெண்களிடம் அதிகம் காணப்படும் இரத்த சோகையிலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கூடும். கர்ப்ப காலத்தில் வழக்கத்தைவிட 10 முதல் 20 வரை கூடுவது இயற்கையானது. வலி, பதற்றம், தூக்கமின்மை, அதிகக் காபி, புகைப்பழக்கம், ஆஸ்துமாவுக்கான சில மருந்துகள் ஆகியவையும் கூட்டும்.

“படபடப்பாக இருக்கிறது” என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால் “பயப்படாதே, மனசுதான்” என்று ஒதுக்கிவிடுகிறோம். நாடியை எண்ணிப் பாருங்கள். பல வாரங்களாக ஓய்விலேயே 100, 110 என்று இருந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளில் காரணம் கிடைத்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை உண்டு.

இளவயதினர் சிலருக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் துடிப்பு 150, 200 என்று ஏறி, சில நிமிடமோ சில மணி நேரமோ நீடித்து, சட்டென்று நின்றுவிடும். இது இதயத்தின் மின்பாதையில் உள்ள கோளாறால் வருவதாக இருக்கலாம். மருத்துவமனைக்குப் போவதற்குள் நின்றுவிடுவதால் ஈ.சி.ஜி.யில் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் எண்ணி எழுதி வைத்த எண்ணும், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் டாக்டருக்குப் பெரிய உதவி.

60க்குக் கீழே போவது மந்தத் துடிப்பு. உழைப்பாளிக்கும் விளையாட்டு வீரருக்கும், நன்கு தூங்கும் ஒருவருக்கும் அது கேடில்லை. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைப்பதற்காகவே தரப்படுகின்றன. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் துடிப்பு குறையும். முதுமையில் இதயத்தின் மின்பாதை பழுதடைந்து துடிப்பு குறைவதும் உண்டு. தலைச்சுற்றல், மயக்கம், நடந்தாலே களைப்பு என்பவை சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படிப்பட்ட சிலருக்குப் பேஸ்மேக்கர் கருவி பொருத்தி இயல்பான வாழ்க்கைக்குத் திருப்ப முடிகிறது.

தாளம் தவறும்போது

எண்ணைவிட முக்கியமான பகுதி இது. ஆரோக்கியமான இதயத்திலும் இடையிடையே ஒரு துடிப்பு முந்தி வந்து, அடுத்தது சற்றுத் தாமதித்து வருவதுண்டு. ‘ஒரு துடிப்பு விட்டுப்போனது’ போலத் தோன்றும். எப்போதாவது வந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. இளைஞர்களுக்கு மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகவும் விடும்போது சற்று மெதுவாகவும் நாடி ஓடுவதும் இயல்பே.

ஆனால் எந்த வரிசையும் இல்லாமல் இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, மூன்று பலவீனமாக, ஒன்று பலமாக என்று முழுவதும் தாறுமாறாக ஓடினால் அது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற நிலையாக இருக்கலாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நிமிடத்துக்கு 300க்கும் மேற்பட்ட முறை வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை இது. மேலறையின் மூலையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி கிளம்பி மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம். இந்த நிலை உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். சிலருக்குப் படபடப்பு, மூச்சுவாங்கல் வரும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. நமது மாமாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. முன்கூட்டியே கண்டுபிடித்து, தேவையானவர்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்தால் பக்கவாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவிர்க்கப்படுகின்றன. அந்த மருந்து யாருக்கு, எந்த அளவில் என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்வது இதற்கு மாற்றல்ல.

65 வயதைத் தாண்டியவர்கள் எந்தக் காரணத்துக்காக மருத்துவரிடம் போனாலும் அவர்களுடைய நாடியின் ஒழுங்கைச் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கம் பரிந்துரைக்கிறது. அதையே நாம் வீட்டிலும் செய்யலாம். பிரஷர், சர்க்கரை, இதய வால்வு நோய், அதிக எடை, குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

கருவிகளை எவ்வளவு நம்பலாம்?

இரத்த அழுத்தக் கருவி சீரான நாடியைச் சரியாகவே எண்ணும். சீரற்ற நாடியில் அதன் பிரஷர் அளவும் நாடி அளவும் பிசகலாம். பல கருவிகளில் ஒழுங்கற்ற துடிப்பைக் குறிக்க இதயக் குறி மின்னும். கையை அசைத்தாலும் பேசினாலும்கூட அது மின்னக்கூடும். ஆகவே ஒருமுறை மின்னினால் பதற வேண்டாம். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்து மீண்டும் பாருங்கள். மறுபடியும், மறுநாளும் மின்னினால் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். உங்கள் கருவியில் எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பது அதனுடன் வந்த கையேட்டில் இருக்கும். பேட்டரிக்கான குறி வேறு, இதயத்துக்கான குறி வேறு.

கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரும் நாடியைக் காட்டும். அது விரல் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கிறது. நகப்பூச்சும் அடர்ந்த மருதாணியும் அந்த ஒளியை மறைக்கலாம். கல்யாணம், பெருநாள் சமயங்களில் மருதாணி இல்லாத விரலிலோ காது மடலிலோ வைத்துப் பாருங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுகிறது. ஓய்வில் நன்றாகவே அளக்கும். கையை வீசி வேலை செய்யும்போதும், பட்டை தளர்ந்திருந்தாலும் தவறும். சில வாட்ச்கள் ஒற்றை ஈ.சி.ஜி. வரைபடமும் எடுக்கின்றன. அதை டாக்டரிடம் காட்டலாம். ஆனால் வாட்ச் ‘சரி’ என்று சொன்னதால் நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது.

நாளுக்கு இருபது முறை பார்த்துக்கொண்டே இருப்பதும் தவறு. பார்க்கப் பார்க்கப் பதற்றம் கூடும், பதற்றத்தால் துடிப்பு கூடும். நலமாக இருப்பவருக்கு வாரம் ஒருமுறை போதும். நோயாளிக்கு எத்தனை முறை என்பதை டாக்டர் சொல்வார்.

நடைப்பயிற்சியில் நாடி

நடக்கும்போது எந்த அளவு வரை போகலாம் என்று கேட்பவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பின் தோராயமான அளவு கிடைக்கும். 50 வயதுக்காரருக்கு 170. மிதமான உடற்பயிற்சிக்கு அதில் 50 முதல் 70 சதவீதம். அதாவது 85 முதல் 119. கடும் பயிற்சிக்கு 70 முதல் 85 சதவீதம். இந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் 10, 12 துடிப்பு முன்பின்னாக மாறும். கணக்கே வேண்டாம் என்றால், நடந்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு 220 கணக்கு பொருந்தாது.

சில மாதங்கள் ஒழுங்காக நடந்தவர்களுக்கு ஓய்வு நாடி மெல்லக் குறையும். இதயம் வலுவடைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் தள்ளுகிறது என்பதே அதன் பொருள்.

சர்க்கரை நோயாளிகளும் நோன்பும்

நெடுநாள் சர்க்கரை நோய் இதயத்தின் நரம்புகளையும் பாதிக்கும். அப்போது ஓய்விலேயே நாடி 100ஐ ஒட்டி இருக்கும். எழுந்தாலும் நடந்தாலும் பெரிதாக மாறாது. இப்படிப்பட்டவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். மேலும் சர்க்கரை திடீரெனக் குறையும்போது வரும் படபடப்புதான் நமக்கு எச்சரிக்கை மணி. துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் அந்த மணியை அமுக்கிவிடக்கூடும். அவர்கள் வியர்வையையும் தலைசுற்றலையும் வைத்து உஷாராக வேண்டும்.

ரமளானில், குறிப்பாகக் கோடையில், மாலை நேரத்தில் உடலில் நீர் குறைந்து நாடி சற்றுக் கூடுவதுண்டு. இஃப்தாருக்குப் பிறகு நீர் அருந்தியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். இதய நோயாளிகள் நோன்பு தொடங்குவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே டாக்டரைச் சந்தித்து, மாத்திரைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்க வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும். டாக்டர் நோன்பு வேண்டாம் என்று சொன்னால் மனம் நோக வேண்டாம். நோயாளிக்கு நோன்பைப் பிற்போடும் சலுகையை அல்குர்ஆனே தந்திருக்கிறது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

நாடி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. தமிழகத்தில் 108, இலங்கையில் 1990.

நெஞ்சில் அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை.
படபடப்போடு மூச்சுத்திணறல் அல்லது மயக்கம்.
ஓய்வில் 120க்கு மேல் நீடித்து, உடன் களைப்பும் தலைச்சுற்றலும்.
50க்குக் கீழ் இறங்கி, கண் இருட்டுதல் அல்லது மயங்கி விழுதல்.
முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல். இது பக்கவாதம். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒருவர் விழுந்து, அழைத்தாலும் தட்டினாலும் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விக்கி விக்கி மட்டும் வருகிறது என்றால் நாடி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பதற்றத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கே நாடி தட்டுப்படாது, அல்லது இல்லாத நாடி இருப்பதுபோலத் தோன்றும். ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இன்றிரவே தொடங்கலாம்

இஷாவுக்குப் பிறகு குடும்பமாக உட்காரும் நேரத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் இதைக் கற்றுக்கொடுக்கலாம். நன்னாவின் நாடியை எண்ணும் வேலையைப் பேரனிடம் கொடுத்தால் மகிழ்ச்சியோடு செய்வான். வீட்டில் பிரஷர் எழுதும் நோட்டு இருந்தால் அதில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒன்று நாடியின் எண், மற்றொன்று சீரா இல்லையா என்பது. டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

நமது மாமா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது, வலது கையில் எழுதத்தான் இன்னும் வரவில்லை. அதனால் டைரி மாமியின் கைக்குப் போயிருக்கிறது. காலையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து முழு ஒரு நிமிடம் எண்ணுகிறார். டைரியில் மூன்றாவது எண்ணும் இருக்கிறது.